நூல் கவுண்ட் தெரிந்தவருக்கு கம்பி வாத்தியம் புதிதல்ல: கிடார், வீணை, வயலினில் கைகள் என்னதான் செய்கின்றன?

திருப்பூரில் பனியன் கம்பெனி பக்கம் ஒரு மாதம் தலைகாட்டியவர்களுக்குக்கூட இது தெரியும்: 20-ஆம் நம்பர் நூலைவிட 40-ஆம் நம்பர் நூல் மெலிசு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நிட்டிங் மெஷின் கேஜும் அதே கதைதான். ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பது கணக்கு. 24 கேஜைவிட 28 கேஜில் ஊசிகள் நெருக்கம், துணி நைஸ்.

இந்தப் பழக்கத்தோடு கிடார் கம்பி வாங்கப் போனால் மாட்டிக்கொள்வோம். கடைக்காரர் “பத்து செட்டா, பன்னிரண்டு செட்டா?” என்பார். பெரிய நம்பர்தானே மெலிசு என்று பன்னிரண்டை வாங்கி வந்தால், இரண்டே நாளில் விரல் நுனி எரியும். கிடாரில் கணக்கு தலைகீழ். அந்த நம்பர் முதல் கம்பியின் விட்டம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 10 என்றால் 0.010 அங்குலம், 12 என்றால் 0.012 அங்குலம். நம்பர் ஏறினால் கம்பி தடிமன். அடுத்து வீணைக் கம்பி வாங்கப் போனால் மறுபடியும் தலைகீழ்! அங்கே பழைய பிரிட்டிஷ் வயர் கேஜ் கணக்கு. நம்பர் ஏறினால் கம்பி மெலிசு, நம்ம நூல் கவுண்ட் மாதிரியே.

கம்பி வாத்தியங்களில் புதிதாக நுழைபவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பெயர்கள்தான். ஷிப்மென்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமையில் மொபைலைப் பார்த்து கிடார் கற்பவருக்கு ‘ஹேமர் ஆன்’, ‘புல் ஆஃப்’, ‘பெண்ட்’, ‘ஸ்லைடு’ என்று பாடம் ஓடுகிறது. பக்கத்துத் தெருவில் வீணை கற்கும் பெண்ணுக்கு ‘ஸ்புரிதம்’, ‘ஜாரு’, ‘கம்பிதம்’ என்கிறார் டீச்சர். இரண்டு பேரின் விரல்களும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எந்த வாத்தியத்தை வாங்குவது, எந்த வீடியோவை நம்புவது, கையை எங்கே காப்பாற்றுவது என்று முடிவெடுக்க, அந்த வேலை என்ன என்பது தெரிந்திருந்தால் போதும்.

ஒரு கம்பி, மூன்று கணக்கு

ஒரு கம்பி எந்த ஸ்வரத்தில் ஒலிக்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, எடை. நீளத்தைப் பாதியாக்கினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கிடாரில் 12-ஆவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பது அதனால்தான். வீணையில் 24 மெட்டு. ஸ்தாயிக்கு 12 வீதம் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ஸ்தாயி. இழுவிசை இவ்வளவு தாராளம் இல்லை. ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டுமென்றால் டென்ஷனை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்கு முன்பே கம்பி அறுந்துவிடும். ஆனால் அரை ஸ்வரம் ஏற்ற சுமார் 12 சதவீதம் கூடுதல் டென்ஷன் போதும். இந்த 12 சதவீதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எடை விஷயம் சுலபம்: கனமான கம்பி தாழ்வாக ஒலிக்கும். கிடாரின் தடித்த கம்பிகள் மேல் இன்னொரு கம்பி சுற்றியிருப்பது, நீளத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டத்தான்.

மெட்டு என்பது ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் சொல். அவர்களிடம் இப்படி அழகான சொற்கள் நிறைய உண்டு. பிரிட்ஜை ‘குதிரை’ என்பார்கள். கம்பிகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏனென்று புரியும். முறுக்கும் ஆணி ‘பிருடை’. பெரிய வயிற்றுப் பகுதி ‘குடம்’. நீளமான கழுத்து ‘தண்டி’. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. 24 மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இன்றைய வடிவத்தை, 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்.

வலது கை: தட்டுவது, வருடுவது, உரசுவது

வலது கையின் வேலை கம்பியை அசைப்பது. (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

கிடாரில் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரே வீச்சில் வருடினால் அது ஸ்ட்ரம்மிங். ஒவ்வொன்றாக எடுத்தால் பிக்கிங். சின்ன பிளாஸ்டிக் வில்லையால் எடுக்கலாம், விரல்களாலும் எடுக்கலாம். விரல் என்றால் கட்டைவிரலுக்கு மேலே உள்ள மூன்று தடித்த கம்பிகள், அடுத்த மூன்று விரல்களுக்கு மீதி மூன்று என்று வேலையைப் பிரித்துக்கொள்வது வழக்கம். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டு ஆரம்பத்தில் கேட்பது இந்த மாதிரி தனித்தனியாக எடுக்கும் கிடார்தான். தமிழ்நாட்டில் கிடார் வாங்கிய பாதிப் பேருக்கு ஆசை அங்கேதான் தொடங்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

வீணையில் ஏழு கம்பி. நான்கு மெட்டுகளின் மேல் போகும், மூன்று பக்கவாட்டில். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேல் கம்பிகளை எடுக்க, சுண்டுவிரல் பக்கக் கம்பிகளில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். இப்படி எடுப்பதை ‘மீட்டு’ என்கிறார்கள். ‘ஒரு மீட்டுக்கு எத்தனை ஸ்வரம்’ என்பது வீணை வகுப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் இடது கையால் மூன்று நான்கு ஸ்வரம் வரவழைப்பதில்தான் கைத்திறமையே தெரியும்.

வயலினில் மீட்டு கிடையாது, வில். குதிரை வாலின் முடி கட்டிய வில் கம்பியை உரசுகிறது. முடிக்கு ரோசின் என்ற பிசின் தடவாவிட்டால் வில் வழுக்கும், சத்தமே வராது. பிசின் இருந்தால் முடி கம்பியைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் இந்தப் பிடித்து விடுதலில்தான் வயலின் பாடுகிறது. வில்லின் வேகம், அழுத்தம், குதிரையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம் ஆகிய மூன்றும் சேர்ந்து வராவிட்டால், சரியாகக் கட்டாத கதவு மாதிரி கிறீச்சிடும். முதல் சில மாதம் வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

இடது கை: விஷயமே இங்கேதான்

ஸ்வரத்தை மாற்ற இடது கைக்கு இரண்டே வழி. கம்பியின் நீளத்தை மாற்றலாம், அல்லது டென்ஷனை மாற்றலாம். நீங்கள் வீடியோவில் கேட்கும் அத்தனை பெயரும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முதலில் நீளம். மீட்டிய பிறகு, வலது கை சும்மா இருக்க, இன்னொரு விரல் மேல் மெட்டில் ‘டக்’கென்று விழுந்தால் ஸ்வரம் ஏறும். கிடாரில் ஹேமர் ஆன். வீணையில் ‘ச ச ரி ரி’ என்று ஜண்டை வரிசை வாசிக்கும்போது இரண்டாவது ஸ்வரத்துக்குக் கிடைக்கும் தட்டு, அதாவது ஸ்புரிதம், இதற்கு நெருங்கிய சொந்தம். ஒரு விரல் கீழ் ஸ்வரத்தைப் பிடித்திருக்க, அடுத்தது மேல் மெட்டில் விழுகிறது. இறங்கும்போது மேல் விரலைச் சுண்டி எடுத்தால் கிடாரில் புல் ஆஃப், வீணையில் பிரத்யாகதம். விரலை எடுக்காமல் கம்பி மேலேயே வழுக்கிக்கொண்டு போனால் கிடாரில் ஸ்லைடு, கர்நாடக இசையில் ஜாரு. ஏறினால் ஏற்ற ஜாரு, இறங்கினால் இறக்க ஜாரு.

அடுத்தது டென்ஷன். மெட்டை மாற்றாமல், அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுவது. கிடார்காரர் பெண்ட் என்பார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய புத்தகத்தில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு கொடுத்து, வீணையில் அவற்றை எப்படிப் பிடிப்பது என்று விளக்கியிருக்கிறார். அதில் இந்த வகைக்கு இருக்கும் ஒரு பெயர் ‘ஒதுக்கல்’. பாயை ஒதுக்கி வை, வண்டியை ஒதுக்கி நிறுத்து என்கிறோமே, அந்த ஒதுக்கல்தான். பெண்ட் என்ற சொல்லைவிட இது கைக்கு நேரடியாகப் புரிகிறது.

இப்போது அந்த 12 சதவீதக் கணக்குக்கு வருவோம். அரை ஸ்வரம் ஏற்ற 12 சதவீதம் என்றால், ஒரு முழு ஸ்வரம் ஏற்ற சுமார் 26 சதவீதம், இரண்டு முழு ஸ்வரம் ஏற்ற 59 சதவீதம் டென்ஷன் கூட வேண்டும். ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் தடித்த கம்பியில் இது நடக்காது, விரல்தான் போகும். அதனால் வீணையின் கம்பி கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். விரல் மரத்தில் முட்டாமல் கம்பியை இழுத்துக்கொண்டு போகலாம். ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரத்தை வரவழைக்க இந்த அமைப்பே காரணம்.

‘அதெல்லாம் அலங்காரம்தானே, பிறகு கற்றுக்கொள்ளலாம்’ என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தி வாசித்தால் அது தோடியாகவே கேட்காது. நம் இசையில் ஸ்வரம் ஒரு புள்ளி இல்லை, ஒரு பாதை. நாம் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டு மெட்டுகளிலும் இந்த வளைவு நிறைய உண்டு. ஃபிரெட் நம்பரை மட்டும் பார்த்து வாசிக்கும்போது ‘நோட்டெல்லாம் சரி, ஆனா பாட்டு மாதிரி இல்லையே’ என்று தோன்றுவது இதனால்தான்.

ஒரு கிடாரைக் குடைந்த கதை

இந்தச் சிக்கலைத் தீர்க்க வாத்தியத்தையே மாற்றியவர்கள் உண்டு. ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய ஜாஸ் கிடார் கலைஞர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, அவருக்காகத் தனியாக ஒரு கிடார் செய்யப்பட்டது. அதில் ஃபிரெட்டுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். விரல் மரத்தைத் தொடாது. கம்பியை வீணை மாதிரி இழுக்கலாம். 2024-இல் கிராமி வாங்கியது இதே ‘சக்தி’ பெயரில் இயங்கிய குழுதான். அப்போதும் கிடார் மெக்லாஃப்லின் கையில்.

அந்த எஸ். ராமநாதன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு சிலப்பதிகாரத்தில் இசை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிக்கும் கைவேலைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. உரைகாரர்கள் அதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். ‘வார்தல்’ என்றால் ஆள்காட்டி விரல் மட்டும் செய்யும் வேலை. ‘வடித்தல்’ என்றால் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து நரம்பை உள்ளும் புறமும் எடுப்பது. ‘உறழ்தல்’ என்றால் ஒரு நரம்பையோ இரண்டு நரம்பையோ விட்டுவிட்டுத் தாண்டிப் போவது. இன்றைய கிடார் வீடியோக்களில் ‘ஸ்ட்ரிங் ஸ்கிப்பிங்’ என்று வருவது கிட்டத்தட்ட இதுதான்! யாழில் மெட்டு கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். அதனால்தான் பழந்தமிழில் ‘நரம்பு’ என்றால் கம்பி, ஸ்வரம் இரண்டுமே. யாழ் வழக்கொழிந்து போன பிறகு, அது எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு எழுதியவர் மட்டக்களப்பு விபுலாநந்த அடிகள். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் செய்தது இன்னொரு மாற்றம். சாதாரண மாண்டலினில் 8 கம்பி, நான்கு ஜோடிகளாக. ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசிறும். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலின். மெக்லாஃப்லினோடு பின்னாளில் அவரும் வாசித்தார்.

வயலினுக்கு எதையும் குடைய வேண்டியிருக்கவில்லை. அதில் ஃபிரெட்டே இல்லை. ஐரோப்பியர்களோடு சென்னைக்கு வந்த வாத்தியத்தை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். மாறியது பிடிக்கும் முறை. மேற்கத்திய பாணியில் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலின் நிற்கும். நம் ஊரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்கால் பக்கம் ஊன்றி வைப்பார்கள். இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்திருப்பதால் இடது கை வயலினைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் கை கம்பி முழுக்க ஜாருவில் ஓட முடிகிறது. சுருதியும் மாறியது: மேற்கே ஜி, டி, ஏ, ஈ, இங்கே ச, ப, ச, ப.

சரி, நான் எதை வாங்கட்டும்?

பாடிக்கொண்டே கூட வாசிக்க ஆசை என்றால் கிடார். ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நான்கு கார்டு பழகினால் ஏராளமான சினிமாப் பாட்டுக்கு ஒப்பேற்றிவிடலாம். பாட்டின் மெட்டையே அதன் வளைவோடு வாசிக்க ஆசை என்றால் வீணையோ வயலினோ. இரண்டுக்கும் நேரில் சொல்லித்தர ஆள் வேண்டும். வில் சாய்ந்திருப்பதை மொபைல் திரை உங்களுக்குச் சொல்லாது. மாவட்ட அரசு இசைப்பள்ளி நமக்குப் பக்கத்தில் ஈரோட்டில் இருக்கிறது, அரசு இசைக்கல்லூரி கோவை மலுமிச்சம்பட்டியில். ஆனால் பகல் நேர வகுப்பு என்பதால் ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஒத்துவருவது கஷ்டம். வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்தான் நடைமுறையில் வழி.

கிடார் என்றால் வாங்கும் முன் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் போங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் வசதி. 3-ஐத் தாண்டினால் குறைத்துத் தரச் சொல்லுங்கள். மலிவான கிடாரை வாங்கியவர்கள் ‘எனக்கு வராது’ என்று மூலையில் சாத்துவதற்கு, திறமையைவிட இந்த ஒரு மில்லிமீட்டர்தான் பல நேரம் காரணம். இன்னொன்று, நைலான் கம்பிக்காகச் செய்த கிடாரில் ஸ்டீல் கம்பி போடக்கூடாது. 12 செட் ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், நைலான் ஏறக்குறைய அதில் பாதி. அந்தக் குதிரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கை சம்பாதிக்கும் கை

ஓவர்லாக்கிலோ சிங்கரிலோ நாள் முழுக்கத் துணியைத் தள்ளும் விரல்கள், கம்ப்யூட்டரில் பத்து மணி நேரம் மெயில் அடிக்கும் மெர்ச்சண்டைசரின் மணிக்கட்டு, இவை இரண்டும் மாலையில் மறுபடி அதே தசைகளைக் கேட்டால் முரண்டு பிடிக்கும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு விரல் ஒரு நாள் மடங்காவிட்டால் அது சம்பளக் கணக்கு. அதனால் இதைக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விரல் நுனித் தோல் எரிவது இயல்பு. சில வாரத்தில் காய்த்துவிடும். மணிக்கட்டில் வலி, விரலில் மரத்துப்போவது, முன்கையில் சுரீரென்று இழுப்பது இயல்பு இல்லை. வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் 15 நிமிடம் கைக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. அழுத்தும் இடமும் முக்கியம். கிடாரில் இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நட்டநடுவே அழுத்தினால் அதிக பலம் வேண்டும். ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தத்தில் தெளிவாகக் கேட்கும். வேலை முடிந்து வந்த கைக்கு இது பெரிய நிவாரணம். ஆரம்பத்தில் 10 செட், அல்லது நைலான் கிடார். பன்னிரண்டெல்லாம் விரல் காய்த்த பிறகு.

புதுக் கம்பி போட்ட முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ரோலைப் பிரித்த துணியை உடனே கட்டிங் போடாமல் ரிலாக்ஸ் ஆக விடுகிறோம் இல்லையா, கம்பிக்கும் அந்த அவகாசம் வேண்டும். மொபைலில் இலவச டியூனர் ஆப் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலே ஏற்றித்தான் ஸ்வரத்துக்கு வர வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஆணியில் தளர்வு நின்று, நாலு தடவை மீட்டியதும் மறுபடி இறங்கும்.

வியர்வை பட்டால் ஸ்டீல் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஒலி மங்கும், விரலையும் அறுக்கும். வாசித்து முடித்ததும் கம்பியை மேலும் கீழுமாக ஒரு தடவை துடைத்து வைத்தால் போதும். இதற்கென்று தனித் துணி விற்கிறார்கள், வாங்க வேண்டியதில்லை. நாடெங்கும் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்க நம்ம ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறதே பனியன் வேஸ்ட், அதில் சாயம் போகாத வெள்ளைக் காட்டன் துண்டு ஒன்று கிடைத்தால் அதுவே சரியான துணி.